கடலடிக் கம்பியும் மிகை மின்னழுத்தமும்

செய்தி சுமக்கும் கம்பிக்கு மின்சாரமே உயிர். அளவு மீறினால் அதுவே நமன். இவ்வுண்மையை உலகம் பெரும்பொருள் இழந்து கற்ற வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அயர்லாந்தின் வாலன்சியாத் தீவையும் வட அமெரிக்காவின் நியூபவுண்டுலாந்தையும் இணைக்கும் தந்திக் கம்பி, அட்லாண்டிக் மாக்கடலின் அடியில் இடப்பெற்றது. செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பாலாலான காப்புறை. அதன்மேல் இரும்புக் கவசம். அந்தக் காப்புறையோ தொடக்கத்திலேயே குறைபாடு உடையதாயிருந்தது.

அக்கம்பியைப் பேச வைப்பது எங்ஙனம் என்பதில் இருவேறு கொள்கைகள் மோதின. கம்பெனியின் மின்துறைப் பொறுப்பாளர் வைல்டுமன் வைட்ஹவுஸ் என்பவர், மருத்துவத் தொழிலிலிருந்து இத்துறைக்கு வந்தவர். நெடுந்தொலைவு செல்ல வேண்டுமாயின் உரத்த குரல் வேண்டும் என்பது அவர் எண்ணம். தூண்டற் சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியினுள் செலுத்தினார். கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தாம்சனோ, குரலை உயர்த்துவதினும் செவியைக் கூர்மையாக்குவதே அறிவுடைமை என்றார். பட்டிழையில் தொங்கும் சிறு கண்ணாடி. அதன் முதுகில் ஒரு சிறு காந்தம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அளவுகோலின்மீது அசையும். இதுவே அவருடைய கருவி. வைட்ஹவுஸின் பதிவுக் கருவிக்கு எட்டாத மெல்லிய குறிகளும் இதற்குப் புலனாயின.

விக்டோரியா அரசியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி கடல் கடக்க ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. ஒரு திங்கள் நிரம்புமுன் கம்பி பேச்சிழந்தது. நலிந்த உறையை மிகை அழுத்தம் மேலும் சிதைத்ததென்பது அறிஞர் முடிபு. ஆயினும் பழி முழுவதையும் வைட்ஹவுஸ்மீது சுமத்துதல் நேர்மையன்று எனக் கருதுகிறேன். கம்பியைச் செய்தவர்களுக்கும் அதிற் பங்குண்டு.

அரசினரும் கம்பெனியாரும் அமைத்த குழு விரிவாக ஆராய்ந்து 1861-இல் அறிக்கை அளித்தது. 1866-இல் செம்மையான கம்பி இடப்பெற்றது. அவ்வாண்டில் லாட்டிமர் கிளார்க் என்னும் பொறியாளர், தையல் விரலுறையளவே ஆன ஒரு மின்கலத்தைக் கொண்டு மாக்கடலைக் கடந்து குறி அனுப்பிக் காட்டினார்!

இக்காலத் தொழிற்சாலைகளில் பொறிகளுக்கிடையே செய்தி அனுப்பவும் வாங்கவும் டிரான்சீவர் எனும் சில்லுகள் பயன்படுகின்றன. 1983-இல் வகுத்த ஆர்.எஸ்.-485 நெறிப்படி, செய்திக் கம்பியில் இருத்தற்குரிய அழுத்தம் −7 முதல் +12 வோல்ட் வரையே. பக்கத்திலுள்ள 24 வோல்ட் மின்கம்பி தவறிப் பட்டால் எளிய சில்லு மாயும். 60, 70 வோல்ட்டையும் தாங்கும் காப்புடைய சில்லுகள் இன்று உள. ஆனால் இவற்றை ஒப்பிடுவோர் தாங்கும் வலிமையை மட்டும் நோக்குதல் போதாது. இரைச்சலுக்கிடையே மெல்லிய குறியைப் பிழையறக் கேட்கின்றனவா என்பதையும் நோக்குதல் வேண்டும். அடி தாங்கும் உடலும் நுண்ணிய செவியும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பதே, அட்லாண்டிக்கின் அடியில் ஊமையாகிப்போன அந்த முதற்கம்பி நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.