கடைசி லயத்து விளக்கு



1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை. திரெங்கானு மாநிலத்துப் பாக்கா மின்நிலையத்தருகே ஒரு மின்தொடர் துண்டிக்கப்பட்டதும் தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியது. பாரோயும் தப்பவில்லை. ஒரு தொடர் போனால் நாடே ஏன் இருள வேண்டும் என்று அண்மையில் ஒரு பெற்றோர் வினவினார்.

நான் வளர்ந்த தோட்டத்தில் மாலையானால் எஞ்சின் ஓடும். எஞ்சின் கொட்டகையை ஒட்டிய லயத்தில் விளக்குகள் பளிச்சிடும். கடைசி லயத்தில் மங்கலாகவே எரியும். கம்பி நீள நீள மின்னழுத்தம் குறையும் என்பது அன்று கண்ணால் கற்ற பாடம்.

அப்பாடம் பாதிதான் உண்மை. 1890 வாக்கில் இலண்டனின் டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்திலிருந்து 10,000 வோல்ட்டில் மின்சாரம் அனுப்பிய ஃபெராண்டி என்னும் பொறியாளர், கேபிளின் மறுமுனையில் மின்னழுத்தம் கூடியிருக்கக் கண்டார். நீண்ட தொடர் தானே ஒரு மின்தேக்கியாகிவிடுகிறது. பயன்பாடு குறைந்த வேளையில் அது மின்னழுத்தத்தை உயர்த்தும். பயன்பாடு மிகும்போது கம்பியைச் சூழும் காந்தப்புலம் மேலோங்கி, மின்னழுத்தம் சரியும்.

இப்புலங்களை உண்டாக்குவதற்காகப் போவதும் திரும்புவதுமாக இருக்கும் திறனையே எதிர்வினைத் திறன் (ரியாக்டிவ் பவர்) என்பர். அது எந்த விளக்கையும் எரிப்பதில்லை. ஆயினும் அஃதின்றி மோட்டாரும் ஓடாது, மின்மாற்றியும் இயங்காது. தொலைவிலிருந்து அதனைக் கொண்டுவருவது கடினம். தேவைப்படும் இடத்திலேயே ஊட்ட வேண்டும். மின்னழுத்தம் தாழும் இடத்தில் மின்தேக்கிகளையும், மிகும் இடத்தில் பெருஞ்சுருள்களையும் பொருத்துவது அதனால்தான்.

2012 சூலை 30, அதிகாலை 2.33. வட இந்தியாவில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தொடர் அறுந்தது. உண்மையில் 'அறுந்தது' என்பதே தவறு. அதில் பழுது ஏதுமில்லை. இணைத்தொடர் மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்ததால் சுமை முழுதும் இதன்மீது விழுந்தது. மின்னோட்டம் மிகுந்து மின்னழுத்தம் தாழவே, காவல் ரிலே அதனைத் தொலைதூரக் குறுக்குச்சுற்று எனக் கருதித் தொடரைத் துண்டித்தது. அதன் சுமை அடுத்த தொடர்களுக்குப் பாய, அவையும் ஒவ்வொன்றாக விலகின. பெற்றோரின் வினாவுக்கு விடை இதுவே. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் மூன்றும் வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பரப்பு இருண்டது.

தமிழ்நாடு இருளவில்லை! அக்காலத்தில் தென்னகக் கட்டமைப்பு வடக்கோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே பிணைந்திருந்தது. அவற்றுள் பெரியது 2003-இல் இயங்கத் தொடங்கிய, 1,369 கிலோமீட்டர் நீளமுள்ள தால்ச்சர்–கோலார் தொடர். நேர்மின்னோட்டக் கம்பிவழி எதிர்வினைத் திறன் பயணிப்பதில்லை. வடக்கின் தடுமாற்றமும் அப்படியே தெற்கே தாவ இயலவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தொடர்வழி இரு கட்டமைப்புகளும் ஒன்றாயின.

ஃபெராண்டி கண்டதுபோன்ற மிகை மின்னழுத்தமோ 135 ஆண்டுகளுக்குப் பின்னரும் பொறியாளரை விடவில்லை. 2025 ஏப்ரல் 28 நண்பகலில், சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வேளையில், ஸ்பெயினில் மின்னழுத்தம் மேலும் மேலும் ஏறியது. மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள அடுத்தடுத்து விலகின. ஒவ்வொன்று விலகியபோதும் மின்னழுத்தம் இன்னும் ஏறியது. சில விநாடிகளில் ஸ்பெயினும் போர்த்துகலும் மின்சாரம் இழந்தன.