டவுசர், நிக்கர், நிஜார்

சேலம், நாமக்கல் பக்கம் பையன்கள் போடும் அரைக்கால் சட்டைக்கு டவுசர் என்றுதான் பெயர். நிக்கர் என்பாரும் உண்டு; வயதானவர்கள் சிலர் நிஜார் என்பார்கள். மூன்று சொல்லும் வெவ்வேறு வழியாக வந்தவை.

நிக்கர் வந்த வழிதான் சுவையானது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1809இல் நியூயார்க்கின் வரலாற்றை, டீட்ரிச் நிக்கர்பாக்கர் என்ற கற்பனை டச்சுக்காரரின் பெயரில் வெளியிட்டார். ஜார்ஜ் குருயிக்‌ஷாங்க் அதற்கு வரைந்த படங்களில் டச்சுக்காரர்கள் முழங்காலோடு நிற்கும் தொளதொளப்பான காற்சட்டையில் இருந்தார்கள். 1860ஐ ஒட்டி இங்கிலாந்துப் பையன்களின் சூட்டில், முழங்காலுக்குக் கீழே சுருக்கிப் பிடித்த காற்சட்டை சேர்ந்தபோது அதற்கு அந்தப் பெயரே ஏற்பட்டது. பிறகு பெயர் பாதியாகச் சுருங்கி, அங்கே பெண்களின் உள்ளாடைக்குப் போனது. இந்தியாவில் பையன்களிடமே தங்கிவிட்டது.

நிஜாருக்கு மூலம் அரபியின் இஸார். இடுப்பில் சுற்றும் துணி. உருது வழியாகத் தமிழுக்கு வருவதற்குள் அது தைத்த உடையாகியிருந்தது. ஈழத்தமிழர் சொல்லும் களிசான் போர்த்துக்கீசியர் தந்தது.

டவுசர் ஆங்கிலத்தில் கணுக்கால்வரை நீளும். முழு நீளத்தைப் பேண்ட் என்ற சொல் எடுத்துக்கொண்டதால்தான் நம்மிடம் அது முழங்காலுக்கு மேல் ஏறியது என்று நினைக்கிறேன்.

ஆங்கிலேயப் பையனுக்குக் கோட்டும் காற்சட்டையும் ஒரே ஜோடி. நம் வெயிலில் கோட்டு ஊருக்குள் நுழையவில்லை. கீழ்ப்பாதி மட்டும் வந்து, ஏற்கெனவே இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றோடு சேர்ந்துகொண்டது. கோவணத்தைத் தாங்கிய அதே கயிறுதான், பொத்தான் அறுந்த டவுசரையும் தாங்கியது. வளர்கிற பிள்ளை என்று தொளதொளவெனத் தைத்ததை அதற்குள் செருகிக்கொண்டால் பெல்ட் தேவையில்லை. உட்கார்ந்து தேய்ந்து பின்புறம் விழும் ஓட்டைக்குத் தபால் பெட்டி என்று பெயர் வைத்தவர்களும் பிள்ளைகளே. இந்தச் சேர்க்கைதான் டவுசரை நம்முடையதாக்கியது என்பேன்.

பள்ளிகள் அதற்குக் காக்கி நிறம் கொடுத்தன. பாரசீகத்தில் காக் என்றால் மண். இன்று அரசுப் பள்ளிகளின் இலவசச் சீருடைத் துணி சேலம், திருச்செங்கோடு வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்களின் விசைத்தறிகளிலும் நெய்யப்படுகிறது.

“டவுசர் போட்ட காலத்திலிருந்தே அவனைத் தெரியும்” என்றால் சிறுவயது முதல் என்று பொருள். இப்போது வளர்ந்த ஆண்களும் அரைக்காலோடு கடைவீதிக்கு வருகிறார்கள். அதை டவுசர் என்றால் அவர்கள் ஒப்புவதில்லை; ஷார்ட்ஸ் என்கிறார்கள்.