உண்டியலும் திட்ட நிதியும்: கேரளத் தணிப்புப் பராமரிப்பில் அரசுப் பணத்தின் இடம்

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய மருத்துவர்கள் நண்பர்களோடு தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் ஒரு புறநோயாளர் பிரிவாகவே இயங்கியது. முற்றிய புற்றுநோயோடு படுத்திருப்பவர் பேருந்தேறி அங்கே எப்படி வருவார்? இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புறம் முதலிய வட மாவட்டங்களில் அண்டை அயலார் வலையமைப்பு உருவானது. 16 மணி நேர வகுப்பும் களப்பயிற்சியும் பெற்ற ஊர்க்காரர்கள் நோயாளியின் வீட்டைத் தேடிப் போனார்கள். அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அவர்களே திரட்டினார்கள். கடை உண்டியல்களில் விழுந்த சில்லறைதான் முதல்.

2008இல் மாநில அரசு தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல். தொடர்ந்து, ஊராட்சிகள் தம் திட்ட நிதியிலிருந்து செவிலியர் சம்பளத்தையும் வண்டி, மருந்துச் செலவையும் ஏற்றன.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை சரியானது என்பதே என் வாதம். நன்கொடைக்குப் பருவம் உண்டு: நோன்பு மாதத்தில் பெருகும், கர்க்கடக மாத மழையில் வற்றும். செவிலியர் சம்பளம் மாதந்தோறும் வேண்டும். உண்டியல் நிறைந்து வழிந்தாலும் தொண்டர் தாமாக மார்ஃபின் தர முடியாது. அதற்கு மருத்துவரின் சீட்டும் சட்டப்படியான இருப்புக் கணக்கும் தேவை. இவற்றுக்குத்தான் பொதுப்பணம்.

தொண்டர்கள் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசு மானியம் தரட்டும் என்பது சிலருக்குக் கவர்ச்சியான யோசனை. எனக்கு அது உடன்பாடில்லை. வசதியும் வாசகசாலையும் உள்ள ஊர் மேலும் பெறும்; சிதறிக் கிடக்கும் மலைக்குடியிருப்பு உண்டியல்கூட வைக்க முடியாமல் வெறுங்கையோடு நிற்கும். ஊராட்சி வழியாகப் பணம் சென்றால் சங்கம் முளைக்காத ஊருக்கும் ஒரு செவிலியராவது போவார். அரசு தன் கடமையைத் தொண்டர் தலையில் கட்டுகிறது என்ற குற்றச்சாட்டுக்கும் இதில் ஓரளவு பதில் இருக்கிறது.

முழுப் பதில் இல்லை. பணம் கொடுப்பவர்தான் பதிவேட்டின் கட்டங்களை வரைகிறார். செவிலியரும் ஆஷா பணியாளரும் எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்பது அதில் ஏறும். சாகப்போகிற ஒருவரின் மனைவியோடு தொண்டர் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாலைப்பொழுது ஏறாது. புற்றுநோய் வலிக்கு மருந்தளவைச் சில நாள்களுக்குள் திருத்த வேண்டியிருக்கலாம். வருகையை மாதக்கணக்கில் வகுத்தால் தணிக்கைக்கு வசதி, நோயாளிக்கு அல்ல. எந்த வீட்டுக்கு இந்த வாரமே மறுபடி போக வேண்டும் என்ற முடிவு தொண்டர் குழுவிடம் இருக்க வேண்டும். அதற்கென வகைப்படுத்தாத சிறு தொகையொன்றை ஊராட்சி ஒதுக்கவும் வேண்டும்.

தொண்டருக்குப் பேருந்துக் கட்டணம் தரலாமா என்பதில் மட்டும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. தராவிட்டால் கூலி வேலை செய்பவர் தொண்டராக முடியாது. தந்தால் பயணச்சீட்டைக் கேட்பார்கள். அதன் பின்னாலேயே கையெழுத்து நோட்டும் வரும்.