அந்தரங்க உரிமையும் பத்திரிகையும்

ஒருவரின் குடும்பம், காதல், நோய், கடன், அவருக்கு நேர்ந்த கொடுமை ஆகியவற்றை அவர் சம்மதமில்லாமல் பத்திரிகை வெளியிடலாமா, வெளியிட்டால் எதுவரை போகலாம் என்ற கேள்வி இந்தியாவில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அதன் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. நாடெங்கும் நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு, ஒரு தமிழ் இதழ் தொடுத்த வழக்கில் வந்ததுதான்.

இதை அவதூறோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். அவதூறு வழக்கில் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். அந்தரங்க மீறலில் உண்மை காப்பாற்றாது. அங்கே புகார் கொடுப்பவர் "இது பொய்" என்று சொல்வதில்லை, "உண்மையாகவே இருக்கட்டும், ஊருக்கு எதற்கு?" என்றுதான் கேட்கிறார். உண்மையை எழுதுவதே தன் கடமை என்று பழகிய செய்தியாளருக்கு இந்தக் கேள்வி கடினமானது.

மேலைநாட்டுத் தொடக்கம்

விக்டோரியா ராணியும் ஆல்பர்ட் இளவரசரும் வீட்டுப் பொழுதுபோக்காகச் செதுக்கிய படங்களின் பட்டியலை அச்சிட ஒருவர் முயன்றபோது, இங்கிலாந்து நீதிமன்றம் 1849இல் தடுத்தது. அரச குடும்பத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பை எல்லோருக்கும் உரிய உரிமையாக வாதிட்டவர்கள் பாஸ்டன் வழக்கறிஞர்களான சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைஸும். 1890இல் ஹார்வர்டு சட்ட இதழில் அவர்கள் எழுதிய கட்டுரைக்கு உடனடிக் காரணம், கையடக்கக் கேமராவும் வம்புச் செய்திகளை விற்றுப் பிழைத்த நாளேடுகளும். தன்னைத் தன்போக்கில் விட்டுவிடும்படி கேட்பது மனிதனின் உரிமை என்றார்கள். பிராண்டைஸ் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

கட்டுரை புகழ்பெற்றதே தவிர, பத்திரிகைகள் அடங்கவில்லை. பதினொரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்த கணித மேதை வில்லியம் சைடிஸ், வளர்ந்தபின் புகழை வெறுத்து எங்கோ குமாஸ்தா வேலை பார்த்து ஒதுங்கி வாழ்ந்தார். 1937இல் நியூயார்க்கர் இதழ் அவரைத் தேடிப்பிடித்து, தங்கியிருந்த அறை முதல் பேச்சு வழக்கம் வரை எழுதியது. அந்தக் கட்டுரை இரக்கமற்றது என்று 1940இல் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும், ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தவரைப் பற்றி அறிய மக்களுக்கு ஆர்வம் உண்டு என்று சொல்லி, அந்தரங்க மீறலுக்கு நிவாரணம் மறுத்தது. மக்களின் ஆர்வமும் மக்களின் நலனும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிய அந்த வாதம் இன்றும் ஆசிரியர் அறைகளில் செல்லுபடியாகிறது.

சினிமா தூது

தமிழில் இந்தக் கேள்வி சட்டப் புத்தகம் வழியாக வரவில்லை. இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்தில் சி. என். லட்சுமிகாந்தன் சென்னையில் 'சினிமா தூது' என்ற வார இதழைத் தொடங்கினார். போலி ஆவண வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய் வந்தவர் அவர். நடிகர் நடிகையரின் படுக்கையறைக் கதைகள்தான் இதழின் சரக்கு. பணம் கொடுத்தவர்களைப் பற்றிய செய்தி வராது என்ற பேச்சு இருந்தது. எழுதுவதைவிட எழுதாமல் இருப்பதற்கு அதிக விலை வைப்பதே மஞ்சள் பத்திரிகைத் தொழிலின் அடிப்படை.

எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தனர். இதழின் அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற பெயரில் மறுபடி கிளம்பினார். இம்முறை செல்வந்தர்களும் அதிகாரிகளும் அவர் பட்டியலில் சேர்ந்தனர். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பும் வழியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார்.

அந்தத் தீபாவளிக்குத்தான் பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளியாகியிருந்தது. டிசம்பரில் அவரும் என்.எஸ்.கே.யும் நாயுடுவும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார்; மற்ற இருவருக்கும் 1945 மேயில் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை. உயர்நீதிமன்ற மேல்முறையீடு தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியபின், 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். பாகவதரின் திரை வாழ்க்கை மறுபடி எழவேயில்லை.

வழக்கைப் பற்றிப் பேசுவோர் கொலையாளி யார் என்பதிலேயே நிற்கிறார்கள். பத்திரிகை வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது, அந்தரங்கம் அம்பலமானவர்களுக்கு அன்று இருந்த ஒரே வழி. அரசிடம் மனு கொடுத்து இதழையே மூட வைப்பதுதான் அது. அரசு விரும்பினால் எந்த இதழையும் மூடலாம் என்ற நிலையில் மஞ்சள் பத்திரிகையும் சுதந்திரப் போராட்டப் பத்திரிகையும் ஒரே கத்தியின் கீழ்தான் இருந்தன.

ஆட்டோ சங்கர் வழக்கு

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்று தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. எம். பி. சர்மா (1954), கரக் சிங் (1962) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கத் தயங்கியது. கோவிந்த் வழக்கில் (1975) கதவைச் சற்றே திறந்தது. இவை எல்லாமே சோதனை, போலீஸ் கண்காணிப்பு பற்றியவை. பத்திரிகையும் அந்தரங்கமும் நேருக்கு நேர் மோதியது 1994இல்தான்.

ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த கௌரி சங்கர் என்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டுச் சிறையில் ஏறக்குறைய 300 பக்கங்களுக்குத் தன் வாழ்க்கையை எழுதியதாகவும், அதில் தன்னோடு தொடர்பிலிருந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் குறிப்பிட்டிருப்பதாகவும் 'நக்கீரன்' அறிவித்தது. அதைத் தொடராக வெளியிடப்போவதாகவும் சொன்னது. அதை அவர் எழுதவே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை பாயும் என்று சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் 15 அன்று கடிதம் அனுப்பினார். சங்கரைத் துன்புறுத்தி, வெளியிட வேண்டாம் என்று கடிதம் எழுதவைத்தார்கள் என்பது இதழின் புகார். ஆசிரியர் ராஜகோபால் நேராக உச்ச நீதிமன்றம் போனார்.

நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டி, சுஹாஸ் சி. சென் அமர்வு 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தது. சங்கர் எழுதவும் இல்லை, அனுமதி தரவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. அதனால்தான் தீர்ப்பு ஒரு வழக்கோடு முடியாமல் பொது விதியானது. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி முதலியவற்றைப் பற்றி, உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, சம்மதமின்றி எழுதினால் அவர் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் பதிவான விஷயத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த விலக்குக்குள்ளும் ஒரு விலக்கு வைத்தார்கள்: பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் போன்றவற்றுக்கு இரையான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக்கூடாது. அரசு அதிகாரி தன் பணியில் செய்ததைப் பற்றி எழுதினால் அவர் அந்தரங்கம் பேச முடியாது. உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதப்பட்டது என்று காட்டினால்தான் நஷ்டஈடு. அவருடைய சொந்த வாழ்க்கைக்கோ எல்லோருக்கும் உள்ள பாதுகாப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சேறுவதற்கு முன்னால் தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ அதிகாரம் கிடையாது. வழக்கு எல்லாம் வெளிவந்த பிறகுதான்.

1944இல் ஆளுநரிடம் போன மனுவுக்கு ஐம்பது ஆண்டு கழித்துக் கிடைத்த விடை என்று இதைச் சொல்லலாம். இதழை மூடாதே, தவறு செய்தால் தண்டனை கொடு. சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியப் பத்திரிகைச் சுதந்திரம், கொலைக் குற்றவாளி ஒருவரின் கையெழுத்துப் பிரதியை வைத்து வென்றெடுக்கப்பட்டது என்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிடிக்காதவரின் பேச்சைக் காக்கும்போதுதான் உரிமை உரிமையாகிறது.

தீர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பயன்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பூலன் தேவி, தன்மீது நடந்த வன்கொடுமையைத் திரையில் காட்டிய 'பாண்டிட் குயின்' படத்துக்கு டெல்லி உயர்நீதிமன்றத்தில் தடை பெற்றார். மேனகா காந்தி தடுக்க முயன்ற குஷ்வந்த் சிங்கின் சுயசரிதையை, சுமார் ஆறு ஆண்டு முடக்கத்துக்குப் பிறகு, 2001இல் அதே நீதிமன்றம் ராஜகோபால் தீர்ப்பைக் காட்டி விடுவித்தது. 2010இல் வருமான வரித்துறை பதிவுசெய்த, பெருநிறுவனங்களின் தொடர்பாளர் நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்கள் இதழ்களில் வெளியானபோது, அவற்றில் பேசியிருந்த தொழிலதிபர் ரத்தன் டாடா அந்தரங்க உரிமை கோரி உச்ச நீதிமன்றம் சென்றார். அமைச்சர் பதவி யாருக்கு என்பது பேசப்பட்ட உரையாடலை மக்கள் அறிவது நியாயம். அதே பதிவில் இருந்த நலம் விசாரிப்புகளையும் வெட்டிப்பேச்சையும் சேர்த்துப் போட்டது நியாயமில்லை.

பெயர்

காவல் நிலையத்தில் நடந்த வன்கொடுமை வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்ததை எதிர்த்து, உபேந்திர பக்‌ஷி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதன் விளைவாக எழுந்த போராட்டத்தால் 1983இல் தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு சேர்ந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அச்சிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் அந்தச் சட்டத்துக்குக் காரணமான பழங்குடிப் பெண்ணின் பெயரால்தான் அந்த வழக்கு இன்றும் பாடப்புத்தகங்களில் அழைக்கப்படுகிறது. சட்டம் அவருக்கு மட்டும் உதவவில்லை.

குழந்தைகளுக்கு 2012இன் போக்சோ சட்டமும் 2015இன் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இதே பாதுகாப்பைத் தந்தன. 2018இல், கத்துவாவில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சிறுமியின் பெயரையும் படத்தையும் போட்ட 12 ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்ச ரூபாய் செலுத்தச் சொன்னது டெல்லி உயர்நீதிமன்றம். அதே ஆண்டு நிபுண் சக்சேனா வழக்கில், பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தாலும் பெயர் கூடாது, ஆளை ஊகிக்க வைக்கும் சிறு தகவலும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அது அவசியமான கண்டிப்பு. பெயரை மறைத்துவிட்டு ஒரு ஏடு தெருவையும், இன்னொன்று கல்லூரியையும், மற்றொன்று தகப்பனின் தொழிலையும் எழுதினால் ஊரில் மிச்சம் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டு அனுபவம் வேறொன்றையும் காட்டியது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. அவருக்கு 25 லட்சம் இழப்பீடு தர உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) காவல்துறை இணையத்திலிருந்து பரவியது. பாலியல் குற்றங்களின் எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றக்கூடாது என்று 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் இது நடந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு அறிவித்தது. வழக்கை விசாரித்த காவல் குழுவோ செய்தியாளர்களின் கைப்பேசிகளைப் பறிமுதல் செய்தது. அவற்றைத் திருப்பித்தர 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கசிவு தொடங்குவது பெரும்பாலும் அரசுக் கோப்பில். அதைப் பெருக்குவது ஊடகம். இரண்டு குற்றமும் சேர்ந்தே நடக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்று தப்பக்கூடாது.

உடல்

புதுக்கோட்டை மாவட்டக் கூலித் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பிறகு அவர்மேல் நடத்தப்பட்ட மருத்துவச் சோதனையின் விவரம் உலகெங்கும் செய்தியானது. பதக்கம் பறிபோனது. சோதனையில் என்ன வந்தது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை; அன்றைய பத்திரிகைகளுக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. பதக்கம் திரும்பப் பெறப்பட்டது என்பதே முழுச் செய்தி. மற்றதெல்லாம் ஒரு மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டியவை. ஊடகம் ஒரு ஏழைப் பெண்ணுக்குச் செய்த மிகப் பெரிய அநீதிகளில் இது ஒன்று.

மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் விவரத்தைச் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தருவதை மனநலச் சட்டம் 2017இல் தடுத்தது. தற்கொலைச் செய்தி, படம் பற்றிய உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலைப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் ஏற்றது. 1966இல் தொடங்கி, நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டு, 1978 சட்டத்தால் மீண்ட அந்தக் கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே முடியும். தொலைக்காட்சி அதன் வரம்பில் இல்லை.

2017க்குப் பின்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர். அதைத் தொடர்ந்து வந்த 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வரலாற்றைத் தலைகீழாக்கக் கூடியது. 2018, 2019 வரைவுகளில் இதழியலுக்கு இருந்த விலக்கு இதில் இல்லை. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவும் திருத்தப்பட்டு, பொதுப்பணியோடு தொடர்புள்ள தகவலானாலும் "தனிநபர் தகவல்" என்று சொல்லி மறுக்க வழி கிடைத்திருக்கிறது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) பிரிவு இருந்தாலும் முடிவு அதிகாரியின் கையில்.

அதிகாரியின் பணி வேறு, வீடு வேறு என்று 1994 தீர்ப்பு பிரித்ததை இந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. மாணவியின் எஃப்.ஐ.ஆர். கசிவதைத் தடுக்க வேண்டிய சட்டம், அதிகாரியின் சொத்து விவரத்தை மறைக்கப் பயன்படக்கூடாது. நாடாளுமன்றம் இதழியல் விலக்கைத் திரும்பச் சேர்க்க வேண்டும். 8(1)(ஜே) பிரிவைப் பழையபடி ஆக்க வேண்டும்.