அனலாக் தோற்றதா?

1950-களின் நடுப்பகுதியில், விஸ்கான்சின் பேராசிரியர் வின்சென்ட் ரைடவுட் வழிகாட்டுதலில், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ‘ப்ரெடா’ என்னும் அனலாக் கணினி உருவானது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், அங்கு மாணவராக இருந்தபோது, அதற்குரிய நேரிலாச் சுற்றுகளை வடிவமைத்தார். அதில் எண்கள் இல்லை. மாறும் மின்னழுத்தமே கணக்கு.

பின்னர் டிஜிட்டல் கணினி வென்றது. 1965-இல் கான்பூர் ஐஐடியில் கணினி அறிவியல் கல்வியைத் தொடங்கியோருள் அதே ராஜாராமனும் ஒருவர்.

ஆயினும் அவ்வெற்றி முழுமையானதன்று. இன்று பெங்களூரு மெட்ரோ வாயிலில் நிற்கும் மெட்டல் டிடெக்டரே சான்று. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் சுருளில் உண்டாக்கும் நுண்ணிய மாற்றத்தை முதலில் ஏற்பது அனலாக் பெருக்கி; எண்ணாக்கம் அதன் பின்னரே. பெருக்கியில் சிதைந்த குறிகையை எந்த நிரலாலும் பழுதின்றி மீட்க இயலாது. அனலாக் வடிவமைப்பைப் பழங்கதையென ஒதுக்கும் பாடத்திட்டம், டிஜிட்டலின் அடித்தளத்தையே ஒதுக்குகிறது.