விச்வுட்: யாருடைய காடு?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள விச்வுட் காட்டின் பெயரைக் கேட்டதும் சூனியக்காரியைக் குறிக்கும் 'விட்ச்' என்ற சொல்தான் பலருக்கு நினைவு வரும். பக்கத்து விட்னியில் இயங்கிய பீர் ஆலைகூடத் துடைப்பத்தில் பறக்கும் கிழவியையே சின்னமாக வைத்திருந்தது. வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் காட்டுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வூஸ்டரை மையமாகக் கொண்டு வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் குடியினர் 'ஹ்விச்சே'. அவர்களுடைய காடு 'ஹ்விச்சே வுடு'. அதுவே பேச்சில் தேய்ந்து விச்வுட் ஆயிற்று.

1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டிலேயே இது அரசரின் காடு. அன்று 'ஃபாரஸ்ட்' என்றால் மரம் அடர்ந்த இடம் என்பதைவிட, அரசரின் வேட்டைச் சட்டம் செல்லும் எல்லை என்றே பொருள். அதற்குள் வயலும் ஊரும்கூட இருக்கும். 1850-களில் அந்தத் தகுதி நீங்கியதும் பெரும்பகுதியை வெட்டி விளைநிலமாக்கிவிட்டார்கள்.

காடு சுருங்கினாலும் மூன்று ஊர்கள் அதன் பெயரை இன்றும் சுமக்கின்றன: ஷிப்டன்-அண்டர்-விச்வுட், மில்டன்-அண்டர்-விச்வுட், ஆஸ்காட்-அண்டர்-விச்வுட். ஷிப்டன் ஆட்டுப்பண்ணை, மில்டன் நடுப்பண்ணை, ஆஸ்காட் கிழக்குக் குடில். அந்நாட்டில் மில்டன்கள் ஏராளம் என்பதால் இந்த வால் தேவைப்பட்டது. 'அண்டர்' இங்கே காட்டின் அடியில் என்பதல்ல, காட்டை ஒட்டி என்பதே. ஆஸ்காட்டின் ஊர்ப்புல்வெளியில் மரத்தைச் சுற்றி ஓர் இருக்கை உண்டு. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் துணைநின்று 1873-இல் சிறை சென்ற 16 பெண்களின் நினைவாக அமைத்தது.