மனிதர்களே வேண்டாம் என்று போன மருத்துவர்
(தொலைதூரத் தீவுகள் - 9)

பெர்லினில் மருத்துவராக இருந்த ஃபிரீட்ரிக் ரிட்டர், 1929-ல் ஊரையே உதறிவிட்டுக் கிளம்பினார். கூடப் போனவர், அவரிடம் சிகிச்சைக்கு வந்த டோரே ஸ்ட்ராவுக். இருவரும் ஏற்கெனவே கல்யாணமானவர்கள். ரிட்டரின் மனைவி இனி டோரேயின் கணவருக்கு வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்று பேசி முடித்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

போய்ச் சேர்ந்த இடம், ஈக்வடாருக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகளில் ஒன்றான ஃபுளோரியானா. முன்பு குடியேற வந்தவர்கள் கைவிட்டுப் போன தீவு அது. அவர்கள் விட்டுப்போன மாடும் கழுதையும் பன்றியும் காடேறிப் பெருகியிருந்தன. எரிமலைப் பாறையைப் பெயர்த்து, ஊற்றுநீர் பாய்ச்சி ரிட்டரும் டோரேயும் வளர்த்த பயிரில் அவை வாய் வைத்தன.

அங்கே பல்வலி வந்தால் யாரிடம் ஓடுவது? புறப்படும் முன்பே ரிட்டர் தன் பற்களைப் பிடுங்கிவிட்டு, எஃகில் பல்செட் செய்துகொண்டார். பின்னாளில் டோரேயும் பற்களை இழக்க, அந்த ஒரே செட்டை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். டோரேவுக்கு நடையைத் தளர்த்தும் நரம்பு நோய் இருந்தது. மன உறுதியே மருந்து என்றார் ரிட்டர். நோயுற்ற காலோடு அந்தப் பெண் பாறைக்காட்டில் சுமை தூக்கிய கதையைப் படிக்கும்போது எனக்கு ரிட்டர் மீது கோபம்தான் வருகிறது.

உலகத்தை அவர்கள் விட்டாலும் உலகம் அவர்களை விடவில்லை. அந்தப் பக்கம் வந்துபோன உல்லாசப் படகுகள் வழியே செய்தி பரவியது. ‘ஏதேன் தோட்டத்து ஆதாம் ஏவாள்’ என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அதைப் படித்துவிட்டு 1932-ல் கொலோன் நகரிலிருந்து ஹைன்ஸ் விட்மர் தன் மனைவி மார்கரெட்டோடும், கண்பார்வை குன்றிய மகன் ஹாரியோடும் வந்து இறங்கினார். மார்கரெட் அப்போது கர்ப்பிணி. பிரசவத்துக்கு ஒரு மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்ற தைரியம் அவர்களுக்கு. வைத்தியம் பார்க்க நான் இங்கு வரவில்லை என்று முகம் கொடுக்காமல் பேசினார் ரிட்டர்.

முன்பு கடற்கொள்ளையர் தங்கியதாகச் சொல்லப்படும் குகையில் குடியேறியது விட்மர் குடும்பம். 1933 ஜனவரியில் அங்கேயே ரோல்ஃப் பிறந்தான். குழந்தை பிறந்ததும் மார்கரெட்டின் உடல்நிலை மோசமாக, ரிட்டர் வந்து அவரைக் காப்பாற்றினார். மனிதர்களே வேண்டாம் என்று கடல் கடந்தவர், ஒரு தாயின் உயிருக்காகத் தன் தொழிலுக்குத் திரும்பினார். அவர் எழுதிக் குவித்த தத்துவத்தைவிட இந்த ஒரு செயல் பெரிது என்பேன். எங்கே போய்க் குடியேறினாலும், ஆபத்துக்கு ஓடிவர அண்டைவீட்டார் இல்லாமல் வாழ முடியாது. மார்கரெட் அதை உணர்ந்தவர். 2000-ல் இறக்கும்வரை அந்தத் தீவிலேயே வாழ்ந்தார்.

ரிட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரோல்ஃப் பிறப்பதற்கு முன்பே, தன்னைச் சீமாட்டி என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண் காதலர்களோடு தீவுக்கு வந்து சேர்ந்திருந்தார். 1934 மார்ச்சில் அவரும் காதலர்களில் ஒருவரும் சுவடே இல்லாமல் மறைந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ரிட்டரும் உயிரோடு இல்லை.

என்ன நடந்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.